பணம் இல்லை என்றவர்கள் 16 மாதத்தில் எங்கிருந்து எடுத்தார்கள்?

கேள்வி இதுதான்: பிரிட்டனில் 2024 ஜூலையில் ஆட்சிக்கு வந்த தொழிற்கட்சி, குழந்தை வறுமையைக் குறைப்பதாகச் சொல்லிக்கொண்டே இரு குழந்தை வரம்பை நீக்க மறுத்தது. காசு இல்லை என்றது. எதிர்த்து வாக்களித்த சொந்தக் கட்சி எம்.பி.க்கள் ஏழு பேரை நாடாளுமன்றக் கட்சியிலிருந்து இடைநீக்கமும் செய்தது. 2025 நவம்பர் பட்ஜெட்டில் அதே அரசு அதே வரம்பை நீக்குகிறது. அப்போது இல்லாத காசு இப்போது எங்கிருந்து வந்தது? முதல் நாளே ஏன் செய்யவில்லை?

வரம்பு என்ன என்பதிலேயே நிறையப் பேருக்குக் குழப்பம் இருக்கிறது. அதை முதலில் தீர்த்துவிடலாம்.

பிரிட்டனில் பிள்ளைகளுக்காக அரசு தரும் பணம் இரண்டு வழிகளில் வருகிறது. ஒன்று சைல்ட் பெனிஃபிட். எத்தனை பிள்ளை இருந்தாலும் ஒவ்வொரு பிள்ளைக்கும் உண்டு. 2025-26 நிதியாண்டில் மூத்த பிள்ளைக்கு வாரம் 26.05 பவுண்டு, அடுத்தடுத்த ஒவ்வொரு பிள்ளைக்கும் 17.25 பவுண்டு. இதில் எண்ணிக்கை வரம்பு எப்போதும் இருந்ததில்லை. இன்னொன்று யூனிவர்சல் கிரெடிட். வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு மாதாமாதம் வருவது. அதில் பிள்ளைக்கென்று ஒரு பங்கு உண்டு: 2025-26 விகிதப்படி ஒரு பிள்ளைக்கு மாதம் 292.81 பவுண்டு, ஆண்டுக்கு 3,500 பவுண்டுக்குச் சற்று மேல். இரு குழந்தை வரம்பு கை வைத்தது இந்தப் பங்கில்தான். 2017 ஏப்ரல் 6 அல்லது அதற்குப் பிறகு பிறந்த மூன்றாவது, நான்காவது பிள்ளைக்கு இந்தத் தொகை கிடையாது. இரட்டைப் பிள்ளைகள், தத்துப் பிள்ளை, உறவினர் எடுத்து வளர்க்கும் பிள்ளை, வன்புணர்வில் பிறந்த பிள்ளை என்று சில விலக்குகள் மட்டும் இருந்தன. கடைசி விலக்கைப் பெற, ஒரு தாய் தனக்கு நடந்ததை அரசுப் படிவத்தில் சொல்லியாக வேண்டும். இந்தச் சட்டத்தின் மீதிருந்த வெறுப்பில் பாதி அந்தப் படிவத்தால் வந்தது.

இதை 2015இல் அறிவித்தவர் அப்போதைய கன்சர்வேட்டிவ் நிதியமைச்சர் ஜார்ஜ் ஆஸ்போர்ன். உழைத்துச் சாப்பிடும் குடும்பம் தன் சம்பளத்தைப் பார்த்துத்தான் பிள்ளை பெறுகிறது, அரசு உதவி பெறுபவர்களும் அப்படியே கணக்குப் பார்க்கட்டும் என்பது அவர் வாதம். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். கருத்துக்கணிப்புகளில் பெரும்பான்மையினர் வரம்பு இருக்கட்டும் என்றே சொல்லிவந்தார்கள் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. ஆட்சிக்கு வந்தவர்கள் தயங்கியதற்கு அதுவும் ஒரு காரணம். ஆனால் 2024 ஏப்ரல் கணக்குப்படி, வரம்பில் சிக்கிய சுமார் 4.5 லட்சம் குடும்பங்களில் 59% குடும்பங்களில் யாராவது ஒருவராவது வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். நல்ல சம்பளத்தில் இருந்தபோது மூன்று பிள்ளை பெற்று, பிறகு வேலை போனவர்கள், கணவன் இறந்தவர்கள், மணமுறிவு ஆனவர்களும் அந்த எண்ணிக்கையில்தான் வருவார்கள். பிள்ளை பெறுவதை இது குறைத்ததா என்று பார்த்த ஆய்வுகளிலும் மிகச் சிறிய மாற்றமே தெரிந்தது. பிறப்பு பெரிதாகக் குறையவில்லை, பிறந்த பிள்ளைகளின் வீட்டு வருமானம்தான் குறைந்தது.

வரம்பின் இன்னொரு குணத்தைப் பலர் கவனிப்பதில்லை. அது பிறந்த தேதியை வைத்து இயங்குவதால், ஒரே நாளில் அடித்த வெட்டு அல்ல. 2017இல் கைக்குழந்தைகளுக்கு மட்டும், 2020இல் மூன்று வயது வரை, 2024இல் ஏழு வயது வரை என்று ஆண்டுக்கு ஒரு வயதாக ஏறிக்கொண்டே போனது. அப்படியே விட்டிருந்தால் 2035 வாக்கில்தான் எல்லா வயதுப் பிள்ளைகளையும் பிடித்திருக்கும். ஆகவே நீக்கும் செலவும் ஆண்டுக்கு ஆண்டு கூடியது. நிதி ஆய்வுக் கழகம், அதாவது ஐ.எஃப்.எஸ்., 2024இல் போட்ட கணக்குப்படி, வரம்பு முழுதாக நடைமுறைக்கு வந்த நிலையில் அதை நீக்க ஆண்டுக்கு 340 கோடி பவுண்டு ஆகும். சுமார் 5 லட்சம் பிள்ளைகள் வறுமைக் கோட்டுக்கு மேலே வருவார்கள். தள்ளிப்போட்டால் மிச்சம் என்பது இங்கே பொருந்தவே இல்லை.

இனி காசுக் கதை. 2024 ஜூலை 23 அன்று ஸ்காட்லாந்து தேசியக் கட்சி கொண்டுவந்த திருத்தம் 363க்கு 103 என்று தோற்றது. ஆறு நாள் கழித்து நிதியமைச்சர் ரேச்சல் ரீவ்ஸ், முந்தைய ஆட்சி 2,200 கோடி பவுண்டு ஓட்டை வைத்துவிட்டுப் போயிருக்கிறது என்று அறிவித்தார். அந்த ஓட்டையை அடைக்கவென்று ஓய்வூதியர்களின் குளிர்கால எரிபொருள் உதவியை வெட்டினார். ஆண்டுக்கு 200 அல்லது 300 பவுண்டு வரும் உதவி அது. சுமார் ஒரு கோடிப் பேர் அதை இழந்தார்கள். அதில் மிஞ்சியது 140 கோடி பவுண்டுதான்.

அதே ஆண்டு அக்டோபர் பட்ஜெட்டைப் பாருங்கள். 4,000 கோடி பவுண்டுக்கு வரி கூட்டினார்கள். அதில் பெரும் பங்கு, முதலாளிகள் ஊழியர் சம்பளத்தின் மேல் கட்டும் தேசியக் காப்பீட்டை 13.8 சதவீதத்திலிருந்து 15 சதவீதமாக உயர்த்தியதால் வந்தது. தேசிய மருத்துவ சேவையின் அன்றாடச் செலவுக்கு மட்டும் இரண்டு ஆண்டுகளில் 2,260 கோடி கூடுதல். அரசுச் செலவு மொத்தமாக ஆண்டுக்கு ஏறக்குறைய 7,000 கோடி ஏறியது. அதற்குள் வரம்பை நீக்கத் தேவையான சுமார் 300 கோடிக்கு இடமில்லை என்றால், நூறு ரூபாயில் நான்கு, ஐந்து ரூபாய்க்கு இடமில்லை என்பது போல. ஆகவே பெட்டி காலி என்பதை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது.

ஆனால் அவர்கள் சொன்னது முழுப் பொய்யும் அல்ல. ரீவ்ஸ் தனக்குத் தானே விதித்துக்கொண்ட விதி ஒன்று இருக்கிறது: 2029-30க்குள் அரசின் அன்றாடச் செலவை வரி வருவாயே தாங்க வேண்டும், அதற்குக் கடன் வாங்கக் கூடாது. ரயில் பாதை, மருத்துவமனைக் கட்டடம் போன்ற முதலீட்டுக்குக் கடன் வாங்கலாம். பிள்ளைக்குக் கொடுக்கும் உதவித்தொகை இந்தப் பிரிவினையில் அன்றாடச் செலவு. பள்ளிக் கூரைக்குக் கடன் வாங்கலாம், கூரையின் கீழ் உட்கார்ந்திருக்கும் பிள்ளையின் சாப்பாட்டுக்கு வாங்கக் கூடாது. அந்த விதிப்படி 2029-30க்கு அவரிடம் கையிருப்பாகத் தெரிந்தது 990 கோடி. அதில் 300 கோடியை எடுத்தால் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். வட்டி விகிதம் கொஞ்சம் ஏறினால் மீதியும் காணாமல் போகும். 2025 மார்ச்சில் அதுதான் நடந்தது: கையிருப்பு கரைந்துபோக, அதை மீட்க மாற்றுத்திறனாளிகளுக்கான உதவியில் கை வைத்தார்கள். அந்த வெட்டால் 50,000 பிள்ளைகள் உள்பட 2.5 லட்சம் பேர் வறுமைக் கோட்டுக்குக் கீழே போவார்கள் என்று அரசின் சொந்த மதிப்பீடே சொன்னது. ஜூலையில் சொந்தக் கட்சி எம்.பி.க்கள் திரண்டதும் அதில் பெரும்பகுதியைக் கைவிட வேண்டியதாயிற்று. எரிபொருள் உதவியும் ஜூனிலேயே திரும்பி வந்துவிட்டது: ஆண்டு வருமானம் 35,000 பவுண்டுக்குள் இருக்கும் ஓய்வூதியர்களுக்கெல்லாம் மீண்டும் உண்டு. அத்தனை கெட்ட பெயரையும் வாங்கிக்கொண்டு, 140 கோடிச் சேமிப்பில் சிறு பகுதிதான் கையில் தங்கியது.

என் கணிப்பில், முதல் பட்ஜெட்டிலேயே வரம்பை நீக்கியிருந்தால் அரசுக்கு இதைவிட மலிவாக முடிந்திருக்கும். வரி கூட்டிய கோபம் எப்படியும் வந்திருக்கும், அதோடு இதுவும் போயிருக்கும். அரசியலில் கெட்ட செய்தியை மொத்தமாகவும் நல்ல செய்தியை முதலிலும் சொல்ல வேண்டும். இவர்கள் இரண்டையும் மாற்றிச் செய்தார்கள்.

தொழிற்கட்சிக்கு இது புதிதும் அல்ல. 1997இல் டோனி பிளேர் ஆட்சிக்கு வந்தபோதும், முந்தைய ஆட்சியின் செலவுத் திட்டத்தை இரண்டு ஆண்டுகள் தாண்ட மாட்டோம் என்று வாக்குக் கொடுத்திருந்தார்கள். அந்த வாக்கைக் காப்பாற்ற, தனியாகப் பிள்ளை வளர்க்கும் பெற்றோருக்கான உதவியை அதே ஆண்டு டிசம்பரில் வெட்டினார்கள், 47 எம்.பி.க்கள் எதிர்த்து வாக்களித்தார்கள். ஒன்றரை ஆண்டுக்குள், 1999 மார்ச்சில், ஒரு தலைமுறைக்குள் குழந்தை வறுமையை ஒழிப்பேன் என்று பிளேர் அறிவித்தார். பிறகு அவருடைய நிதியமைச்சர் கோர்டன் பிரவுன் வரிச் சலுகை என்ற பெயரில் பணத்தைக் கொட்டினார். குடும்ப வருமானத்திலிருந்து வீட்டு வாடகையைக் கழிக்காமல் போட்ட கணக்கில், 1998-99இல் 34 லட்சமாக இருந்த ஏழைப் பிள்ளைகள் 2010-11இல் 23 லட்சமானார்கள். 2010இல் இலக்கைச் சட்டமாகவே போட்டுவிட்டுப் போனார்கள். 2016இல் அடுத்து வந்தவர்கள் அந்த இலக்குகளைச் சட்டத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். 2025 டிசம்பரில் வந்த புதிய குழந்தை வறுமைத் திட்டத்திலும் சட்டப்படி கட்டுப்படுத்தும் இலக்கு எதுவும் இல்லை. இந்த ஆட்சிக்காலம் முடிவதற்குள் 5.5 லட்சம் பிள்ளைகள் மேலே வருவார்கள் என்ற எதிர்பார்ப்பு மட்டும் இருக்கிறது.

இப்போது 2025 நவம்பர் 26 பட்ஜெட். வரம்பு 2026 ஏப்ரலிலிருந்து நீங்குகிறது. 2029-30இல் செலவு 300 கோடி பவுண்டு என்பது அரசின் வரவு செலவைச் சுயேச்சையாக மதிப்பிடும் நிதிப் பொறுப்பு அலுவலகத்தின் கணக்கு. 5.6 லட்சம் குடும்பங்களுக்கு ஆண்டுக்குச் சராசரி 5,310 பவுண்டு கூடும். வறுமைக் கோட்டைத் தாண்டும் பிள்ளைகள் 4.5 லட்சம். சராசரி 5,310 என்பது ஒரு பிள்ளைக்குரிய தொகையைவிட அதிகமாக இருக்கிறதே என்று தோன்றலாம். நான்கு, ஐந்து பிள்ளை உள்ள வீடுகளும் கணக்கில் சேர்வதாலும், தொகை ஆண்டுதோறும் விலைவாசியோடு ஏறுவதாலும் அப்படி.

காசு எங்கிருந்து? இணையச் சூதாட்ட நிறுவனங்களிடமிருந்து என்பதுதான் பரவலாகச் சொல்லப்படும் பதில். கோர்டன் பிரவுன் முதலானோர் அப்படித்தான் கேட்டுவந்தார்கள். இணையச் சூதாட்ட வரி 21 சதவீதத்திலிருந்து 40 ஆனதும் உண்மை. ஆனால் சூதாட்ட வரி உயர்வுகள் எல்லாம் சேர்ந்து கொண்டுவருவது ஆண்டுக்கு 100 கோடிக்குச் சற்று மேல். அதாவது மூன்றில் ஒரு பங்குச் செலவு. மீதி பொது வரியிலிருந்து. அதில் பெரியது, வருமான வரி தொடங்கும் வரம்பை 2028க்குப் பிறகு மேலும் மூன்று ஆண்டுகள் உயர்த்தாமல் வைப்பது. சம்பளம் விலைவாசியோடு ஏற, வரம்பு ஏறாமல் நிற்க, புதிது புதிதாக ஆட்கள் வரிக்குள் வருவார்கள். ஒருவர் கையிலிருந்து பிடுங்கியது போலத் தெரியாத வரி இது, அதனால்தான் எல்லா நிதியமைச்சர்களுக்கும் பிடிக்கும். காசு வந்தது ஆச்சரியமில்லை; 2024இலும் இப்படியே எடுத்திருக்கலாம். அன்று இல்லாதது எடுக்கும் மனம்தான்.

இதற்கு மேல் பேச வேண்டியது, அதிகம் பேசப்படாத ஒன்று. இரு குழந்தை வரம்பு போனாலும், மொத்த உதவிக்கான உச்சவரம்பு அப்படியே இருக்கிறது. ஒரு குடும்பம் எல்லா உதவியும் சேர்த்து லண்டனில் ஆண்டுக்கு 25,323 பவுண்டுக்கு மேலும், வெளியூர்களில் 22,020க்கு மேலும் பெறக் கூடாது என்பது அந்த விதி. 2023க்குப் பிறகு அதை விலைவாசிக்கு ஏற்ப உயர்த்தவும் இல்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம், 2025-26 விகிதத்தில். லண்டனுக்கு வெளியே ஓர் ஊர். தனியாக மூன்று பிள்ளைகளை வளர்க்கும் 30 வயதுத் தாய். மூன்றுமே 2017 ஏப்ரலுக்குப் பின் பிறந்தவை. வாடகை மாதம் 700, அதை முழுதாக உதவி ஏற்கிறது என்று வைத்துக்கொள்வோம். அடிப்படைத் தொகை 400.14. இரண்டு பிள்ளைக்கு 585.62. வாடகை 700. சைல்ட் பெனிஃபிட் மூன்று பேருக்கும் சேர்த்து மாதக் கணக்கில் 262.38. கூட்டினால் 1,948.14. உச்சவரம்பு மாதத்துக்கு 1,835. ஆகவே இரு குழந்தை வரம்பு இருக்கும்போதே 113 பவுண்டு வெட்டுப்பட்டுத்தான் வருகிறது. வரம்பு நீங்கி மூன்றாவது பிள்ளைக்கு 292.81 சேர்ந்தால் மொத்தம் 2,240.95. கைக்கு வருவது அதே 1,835. இந்த வீட்டைப் பொறுத்தவரை நவம்பர் பட்ஜெட் நடக்கவே இல்லை.

இதே தாய் வாரம் 16 மணி நேரம் குறைந்தபட்சக் கூலிக்கு, மணிக்கு 12.21க்கு, வேலை செய்தால் மாதம் 846 பவுண்டு வரும். 846ஐத் தொட்டுவிட்டால் உச்சவரம்பு பொருந்தாது. வாடகை உதவி பெறுபவர் என்பதால் சம்பளத்தில் முதல் 411ஐ விட்டுவிட்டு, மீதிக்கு பவுண்டுக்கு 55 பென்ஸ் வீதம், சுமார் 240 கழிப்பார்கள். கழித்த பிறகும் சம்பளம், உதவி எல்லாம் சேர்ந்து பழைய விதியில் 2,555, புதிய விதியில் 2,848. மூன்றாவது பிள்ளைக்கான பணம் சல்லிக் காசு குறையாமல் வருகிறது. அப்படியானால் வேலைக்குப் போக வேண்டியதுதானே என்பீர்கள். கைக்குழந்தை வைத்திருப்பவருக்கு, பள்ளி நேரத்துக்குள் அடங்கும் 16 மணி நேர வேலை அதே ஊரில் கிடைக்க வேண்டும். மணி நேரம் நிச்சயமில்லாத ஒப்பந்தத்தில் ஒரு மாதம் 14 மணி நேரமே கிடைத்தால், முன்பு ஓராண்டு தொடர்ந்து வரம்புக்கு மேல் சம்பாதித்திராதவருக்கு அந்த மாதமே உச்சவரம்பு வந்து விழும். மாற்றுத்திறனாளி உதவியோ பராமரிப்பாளர் உதவியோ பெறும் வீடுகளுக்கு விலக்கு உண்டு. மற்றவர்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள் இதில் மாட்டியிருக்கின்றன, பெரும்பாலும் பிள்ளைகள் உள்ளவை. வறுமையின் அடிமட்டத்தில் இருப்பவர்களும் இவர்களே.

வாடகை உதவியிலும் இதே கோளாறு. ஒரு வட்டாரத்தில் உள்ள வாடகைகளை வரிசைப்படுத்தி, கீழிருந்து நூற்றுக்கு முப்பதாவது இடத்தில் இருக்கும் வாடகைதான் தனியார் வீட்டுக்கு அரசு தரும் அதிகபட்சம். 2024 ஏப்ரலில் அதைப் புதுப்பித்தார்கள், அத்துடன் உறைய வைத்தார்கள். வாடகை ஏற ஏற, வித்தியாசத்தைக் குடும்பம் பிள்ளைக்கு வந்த பணத்திலிருந்துதான் கட்டும். பிள்ளைக்கென்று கொடுத்த 292 பவுண்டில் கணிசமான பங்கு வீட்டுக்காரரிடம் போவது இப்படித்தான்.

பள்ளிச் சாப்பாடு பற்றிச் சுருக்கமாக. இங்கிலாந்தில் முதல் மூன்று வகுப்புப் பிள்ளைகளுக்கு எல்லாருக்கும் இலவசம். அதற்கு மேல், யூனிவர்சல் கிரெடிட் வீடுகளில் ஆண்டுச் சம்பளம் 7,400 பவுண்டுக்குள் இருந்தால் மட்டும்தான். புதிதாகக் கேட்பவருக்கு ஒரு பவுண்டு தாண்டினாலும் மதிய உணவு கிடையாது. நல்ல சட்டம் இப்படி எழுதப்படாது. 2026 செப்டம்பரிலிருந்து யூனிவர்சல் கிரெடிட் பெறும் எல்லா வீட்டுப் பிள்ளைகளுக்கும் உண்டு. 5 லட்சம் பேர் கூடுதலாகத் தகுதி பெறுவார்கள், ஒரு லட்சம் பேர் வறுமையிலிருந்து மீள்வார்கள் என்பது அரசின் எண். இந்த ஒரு லட்சத்தை உடனே எதிர்பார்க்க வேண்டாம். முன்பே தகுதி பெற்றவர்கள், சம்பளம் கூடினாலும் தகுதியை இழக்காதபடி 2018 முதல் பாதுகாப்பு இருந்தது. புதிய விதியால் ஆரம்பத்தில் மாறுவது குறைவு.

ஸ்காட்லாந்தோடு ஒப்பிடுவது நல்லது. அங்கே 2021 பிப்ரவரியில் குறைந்த வருமானக் குடும்பங்களின் பிள்ளைக்கு வாரம் 10 பவுண்டு உதவி என்று தொடங்கியதை 2022 ஏப்ரலில் 20, நவம்பரில் 25 என்று ஏற்றி, 2025இல் 27.15க்குக் கொண்டுவந்தார்கள். எத்தனையாவது பிள்ளை என்ற கேள்வியே இல்லை. லண்டனில் காசு இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்த ஆண்டுகளில்தான் எடின்பரோவில் இருக்கும் ஸ்காட்லாந்து அரசு இதைச் செய்தது.

பிரிட்டனில் இருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு ஒரு குறிப்பு. வேலை விசாவில் வந்தவர்கள் கடவுச்சீட்டிலோ மின் விசாவிலோ பொது நிதி பெறத் தகுதியில்லை என்ற நிபந்தனை இருந்தால், யூனிவர்சல் கிரெடிட்டும் சைல்ட் பெனிஃபிட்டும் அவர்களுக்கில்லை. இந்த மாற்றம் எதுவும் அவர்களைத் தொடாது. பள்ளி இலவசச் சாப்பாடு மட்டும் பொது நிதிக் கணக்கில் வராது, வருமான வரம்புக்குள் இருந்தால் பள்ளியில் கேட்டு வாங்கலாம். அகதி அந்தஸ்து கிடைத்தவர்களுக்கு இந்தத் தடையே இல்லை.

உதவி பெறுபவர்கள் செய்ய வேண்டியது: மூன்றாவது பிள்ளையைத் தங்கள் இணையக் கணக்கில் பதிந்திருக்கிறார்களா என்று பார்ப்பது. கிடைக்கத்தான் போவதில்லையே என்று பதியாமல் விட்டவர்கள் இருக்கிறார்கள். பணம், 2026 ஏப்ரல் 6 அல்லது அதற்குப் பின் தொடங்கும் மாதச் சுற்றிலிருந்துதான் சேரும். உங்கள் சுற்று ஏப்ரல் 20 அன்று தொடங்கினால் மே 19 அன்று முடியும், மே 26 வாக்கில்தான் கைக்கு வரும். ஏப்ரல் மாதமே வரவில்லை என்று பதறி அலுவலகத்துக்கு ஓட வேண்டாம்.

பலன் தெரிய இன்னும் நாளாகும். பிரிட்டனின் வறுமைக் கணக்கு, நிதியாண்டு முடிந்து ஓராண்டு கழித்து மார்ச்சில் வெளியாகிறது. 2023-24க்கான கணக்கு 2025 மார்ச்சில்தான் வந்தது: வாடகை கழித்த பின் 45 லட்சம் பிள்ளைகள், நூற்றுக்கு 31. அந்த வழக்கப்படி பார்த்தால், வரம்பு நீங்கிய முதல் முழு ஆண்டின் கணக்கு 2028 மார்ச்சில் வரும். அதற்கு முன் 2027 நவம்பருக்குள் இன்னொன்று இருக்கிறது. மொத்த உச்சவரம்பை ஐந்து ஆண்டுக்கு ஒரு முறையாவது மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்பது சட்டம். கடைசியாகச் செய்தது 2022 நவம்பரில். மேலே கணக்குப் போட்ட அந்தத் தாய்க்கு ஏதாவது மாறுமா என்பது அன்றைக்குத்தான் தெரியும்.